தானாக அணையும் கணினி: மின்வழங்கியைச் சோதிக்கும் முறை

எமது சங்க அலுவலகத்துக் கணக்குக் கணினி 2024 ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று தடவை தானாக அணைந்தது. பூசை முடிந்து, உண்டியற் காசையும் அருச்சனைக் காசையும் எண்ணி, பற்றுச்சீட்டுகளைக் காசேட்டில் பதிந்துகொண்டிருந்த நேரம். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திரை இருண்டது, இரண்டு விநாடியில் கணினி தானே திரும்பத் தொடங்கியது. மூன்றாம் தடவை தொடங்கவும் இல்லை.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு பொதுக்கூட்டம் என்று அறிவித்தாயிற்று. மார்ச் 31 உடன் முடிந்த ஆண்டின் கணக்கை அங்கே சமர்ப்பித்து, ஜனவரி முடிவதற்குள் சரிற்றி கொமிஷனுக்கும் அனுப்பவேண்டும். இங்கிலாந்துச் சட்டப்படி நிதியாண்டு முடிந்து 10 மாதம்தான் தவணை.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. "வைரஸ்தான், விண்டோசை அழிச்சுப் புதிசாப் போடுங்கோ" என்றார் ஒருவர். "ஒன்பது வருசப் பெட்டி, எறிஞ்சுபோட்டு வேறை வாங்குங்கோ அண்ணை" என்றார் இன்னொருவர். ஓர் அம்மா எலுமிச்சங்காய் கட்டச் சொன்னார். கட்டினோம், அதில் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்னதான மண்டபத்தில் எமது காதில் விழுந்த ஒரு வசனம்தான் எம்மைச் சுட்டது: "கணக்குக் காட்டுற நேரம் பாத்துத்தான் கொம்பியூட்டர் பழுதாகுமோ?"

பொதுப்பணத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்களுக்கு அந்தச் சூடு விளங்கும். அதற்கு மேல் இது எங்கள் கோயிலுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. பல வீடுகளில் இதே வயதுக் கணினிகள் இதே நோயுடன் இருக்கின்றன. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனபின் அவற்றோடு மல்லுக்கட்டுவது பெற்றோர்தான். ஆகவே நாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் இந்தத் தமிழ்ப் பக்கத்தில் எழுதுகிறோம்.

மின்வழங்கி செய்யும் வேலை

சுவரிலிருந்து வருவது 230 வோல்ற் ஆடலோட்டம். கணினியின் உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ற் நேரோட்டம். இந்த மாற்றத்தைச் செய்யும் இரும்புப் பெட்டிதான் மின்வழங்கி. கடைக்காரர் பவர் சப்ளை என்பார். கணினியின் பின்புறம் மின்வயரைச் சொருகும் இடத்தில் விசிறியுடன் இருப்பது அது.

அழுத்தத்தை மாற்றிக் கொடுப்பது பாதி வேலை. எவ்வளவு மின்னோட்டம் இழுக்கப்பட்டாலும் அந்த அழுத்தம் குறையாமற் பிடித்திருப்பது மற்றப் பாதி. 1990 க்குப் பின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எம்மைப் போன்றவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி தேய்ந்து நின்றுவிடும். கசெற் போட்டால் பாட்டு இழுபடும். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினாலோ, றேடியோ எரிந்துவிடும் என்று அப்பா சத்தம் போடுவார். களைக்காமலும் உற்சாகப்படாமலும் ஒரே சீராகச் சுற்றுகின்ற ஆள் ஒருவன் கிடைத்தால் எப்படியோ, அப்படித்தான் ஒரு நல்ல மின்வழங்கி.

அந்த ஆளும் வயதாகிக் களைக்கிறான். பெட்டிக்குள் கொள்ளளவிகள், அதாவது கப்பாசிற்றர்கள், இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் வெப்பத்தில் மெல்லமெல்லக் காய்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் வைத்திருக்கும் மட்டக்கணக்கு. எமது அலுவலகம் மடைப்பள்ளிக்கு அடுத்த அறை. நெய் ஆவி, சாம்பிராணி, கற்பூரக் கரி எல்லாம் சேர்ந்து அந்த விசிறியிற் கம்பளித் துணி போலப் படிந்திருந்தன. ஒன்பது ஆண்டில் ஒருவரும் அதைத் துடைத்ததில்லை.

வேறு ஏதும் காரணமா?

பரீட்சை மீதி ஒத்துவராவிட்டால் கணக்காளர் என்ன செய்வார்? வித்தியாசத்தைத் தொங்கற் கணக்கில் வைத்துவிட்டு, பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். ஒரே நேரத்தில் நாலு பதிவைத் திருத்தினால் எந்தத் திருத்தம் சரியானது என்று தெரியாது. இங்கும் அப்படித்தான்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். நாம் ஒரு கொப்பியை எடுத்து, கணினி அணைந்த நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் எழுதத் தொடங்கினோம்.

முதலிற் சந்தேகப்பட்டது எக்ஸ்ரென்ஷன் வயரை. குளிர்காலம் ஆதலால் 2000 வாற் சூடாக்கி ஒன்றும், லேசர் பிறின்ரரும், கணினியும் ஒரே வயரில் தொங்கின. அந்தச் சூடாக்கி மட்டும் 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். பிளக்கில் உள்ள பியூசோ 13 அம்பியர். கணினியைத் தனியே சுவர்ச் சொக்கற்றில் நேரடியாகப் போட்டோம். அடுத்த நாளும் அணைந்தது. ஆகவே வயர் குற்றவாளி அல்ல, ஆனாலும் அந்தச் சூடாக்கியை அன்றோடு அங்கிருந்து எடுத்துவிட்டோம்.

கணினியின் மூளைப்பகுதி சூடேறினாலும் அது தன்னைக் காப்பாற்ற அணையும். அதன் விசிறியைத் துடைத்தபின்னும் நிலைமை மாறவில்லை. றாம் பழுதானால் பெரும்பாலும் நீலத் திரையும் பிழைச்செய்தியும் வரும், இங்கே வரவில்லை. மணிக்கூடும் திகதியும் பிழையாகக் காட்டினால் அது மதர்போட்டில் உள்ள 3 வோல்ற் நாணயப் பற்றரியின் வேலை, சில பவுணுடன் முடியும். விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் கேர்னல் பவர் 41 என்ற குறிப்பு வரிசையாக இருந்தது. பலர் இதைக் கண்டவுடன் மின்வழங்கி பழுது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தக் குறிப்பு சொல்வது, கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே. மரண அத்தாட்சிப் பத்திரத்தில் "இறந்தார்" என்று மட்டும் எழுதியிருப்பதைப் போல.

கொப்பிதான் வழிகாட்டியது. சும்மா திறந்து வைத்திருந்தால் மணிக்கணக்காக நின்றது. நூற்றுக்கணக்கான பற்றுச்சீட்டுகளை ஒரேயடியாக அச்சுக்குத் தயாரித்தால், அல்லது வைரஸ் தேடலை ஓடவிட்டால், சில நிமிடத்தில் விழுந்தது. குளிர்ந்த காலையில் முதல் அழுத்தலுக்கு விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும், மூன்றாம் நாலாம் தடவைதான் உயிர்வரும். பாரம் ஏறும்போது விழுவதும், குளிரில் எழும்ப மறுப்பதும் காய்ந்துபோன கொள்ளளவிகளின் குணம். அதோடு பின்புறத்தில் இலேசான கருகல் மணம். கோயிலில் இருந்ததால் அந்த மணத்தை எத்தனை நாள் நாம் கவனிக்காமல் விட்டோமோ! வீட்டில் அப்படி மணந்தாலோ, புகை தெரிந்தாலோ, மேற்கொண்டு சோதனை எதுவும் வேண்டாம். சுவர்ச் சுவிற்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சோதனைக்கு முன் பிரதி

ஒவ்வொரு திடீர் அணைவும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைச் சிதைக்கக்கூடியது. ஆகவே கணினி நிற்கும் நிலையில் இருக்கும்போதே, வேறு எந்த வேலையும் கொடுக்காமல், பிரதி எடுக்கவேண்டும். நாம் ஒரு திங்கட்கிழமை இரவு சிறுசிறு பகுதியாக எடுத்தோம். முதலிற் பேரேட்டுக் கோப்பு. பின் கிவ்ற் எயிட் உறுதிப் படிவங்கள்: வரி கட்டும் அடியார் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு எமக்கு 25 பென்ஸ் தருகிறது, படிவம் இல்லையென்றால் அந்தப் பணமும் இல்லை. பின் உபயகாரர் பட்டியல். கணக்குப் பதிவேடுகளை ஆகக்குறைந்தது 6 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஆகவே பழைய ஆண்டுகளையும் விடவில்லை.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது. இன்னொரு கணினியில் அதைத் திறந்து, இறுதி மீதிகளை அச்சிட்ட ஐந்தொகையுடன் ஒப்பிட்டு, திகதியிட்டு இருவர் கையொப்பம் வைத்தோம். மற்றத் தட்டில் என்ன இருக்கிறது என்று அன்று நாம் பார்க்கவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மீற்றர் சொன்னது

சில பவுணுக்கு வாங்கக்கூடிய ஒரு மல்ரி மீற்றர் போதும். அதை நேரோட்டம் 20 வோல்ற் என்ற இடத்தில் வைத்து, மின்வழங்கியிலிருந்து வரும் பாவிக்காத நாலுகம்பிப் பிளக் ஒன்றில், கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் வைத்தால் 12 வோல்ற் காட்டவேண்டும். சிவப்பு வயரில் 5. இவற்றுக்கு 5 வீதம் கூடக்குறைய அனுமதி உண்டு. அதாவது மஞ்சளில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை.

சும்மா நின்றபோது எமது கணினி மஞ்சளில் 12.0 காட்டியது. "பிழை இல்லையே" என்று மீற்றரை மடித்து வைக்கப் பார்த்தோம். பிறகு வைரஸ் தேடலை ஓடவிட்டுப் பார்த்தால், 11.6, 11.4, 11.2 என்று இறங்கி, கணினி அணைந்தது. சைக்கிள் சுற்றுகிறவன் களைத்துவிட்டான். அழுத்தங்கள் சரி என்று மின்வழங்கி மதர்போட்டுக்கு ஒரு சைகையை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும், பவர் குட் என்று பெயர். அது நின்றவுடன் கணினியும் நின்றுவிடும். ஆகவே சோதனையைப் பாரத்தோடு செய்யுங்கள். ஓய்வில் எல்லா மின்வழங்கியும் நல்ல பிள்ளைதான். மீற்றர் சராசரியைத்தான் காட்டும், அழுத்தத்தில் வரும் வேகமான நடுக்கத்தைக் காட்டாது. எனவே மீற்றர் சரி என்றாலும் முழுச் சந்தேகமும் தீராது. நல்ல மின்வழங்கி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

முனைகள் வழுக்கி இரண்டு வயரைத் தொட்டால் வேறு பாகம் எரியும். கைச்சங்கிலி, காப்பு, மோதிரம் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கடதாசிக் கிளிப்பை வளைத்து, பெரிய 24 முனைப் பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்துப் பார்க்கும் சோதனையைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். மின்வழங்கியின் எல்லாப் பிளக்குகளையும் கணினியிலிருந்து கழற்றியபின், மின்சாரம் கொடுப்பதற்கு முன் இணைத்தால், அதைச் செய்யலாம். விசிறி சுற்றாவிட்டால் பெட்டி பெரும்பாலும் செத்தது. சுற்றினால், சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். எமது பெட்டியும் அழகாகச் சுற்றியது! வயர்கள் எல்லாம் கறுப்பாக இருக்கும் புதிய பெட்டிகளில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மின்வழங்கிப் பெட்டியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றியபின்னும் அதற்குள் உள்ள பெரிய கொள்ளளவி 300 வோல்ற்றுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். ஊரில் றேடியோ திருத்திய கை என்று அதற்குத் தெரியாது.

புதியதும் பழைய வயரும்

எமது கணினிக்கு விளையாட்டுக்கான கிறபிக்ஸ் அட்டை எதுவும் இல்லை. முழுக் கணினியும் 150 வாற்றுக்கு மேல் இழுக்காது. 450 வாற் மின்வழங்கி ஒன்றை 48 பவுணுக்கு வாங்கினோம். 80 பிளஸ் என்ற முத்திரை அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காது என்பதைச் சொல்லும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்லாது. அதற்கு உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள். சிறிய, ஒடுங்கிய அலுவலகக் கணினிகளில் அளவும் பிளக்கும் வேறாக இருக்கும், பழையதைக் கழற்றி அளந்து பார்த்தபின் வாங்குவது நல்லது.

பூட்டும் வேலையைக் கோயிலுக்கு வரும் ஒரு தம்பி ஏற்றார். பதினேழு வயது, கெட்டிக்காரன். நாங்கள் ரோச் லைற் பிடித்தோம். பழைய பெட்டியிலிருந்து வயர்களைக் கழற்றக்கூடிய வகை அது. புதியதும் அதே வகை. இரண்டு தட்டுகளுக்கும் போகும் வயர் மதர்போட்டுக்குப் பின்னால் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. "அங்கிள், இதை ஏன் கழட்டுவான், புதுப் பெட்டியிலையும் இது பொருந்துது" என்றார் தம்பி. நாங்களும் தலையாட்டினோம். பொருந்தத்தான் செய்தது.

அந்த வயரின் கணினிப் பக்க முனை உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கு. மின்வழங்கிப் பக்க முனைக்கு அப்படிப் பொது ஒழுங்கு இல்லை. ஒரே கம்பனியின் இரண்டு மாதிரிகளுக்கிடையிலும் அது மாறலாம். பிளக் பொருந்தும், உள்ளே 5 வோல்ற் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ற் போகும். சுவிற்சைப் போட்டோம். "டிக்" என்றொரு சத்தம், பின்பு அந்த மணம். இரண்டு தட்டுகளும் போய்விட்டன: விண்டோசும் கணக்கும் இருந்த எஸ்.எஸ்.டி., அதன் கீழே இருந்த பழைய ஹாட் டிஸ்க்.

மின்வழங்கியை மாற்றும்போது அதனோடு வந்த வயர்களை மட்டுமே பாவியுங்கள். பழையவற்றை அன்றே குப்பையிற் போடுங்கள், யாரும் பிறகு எடுத்துப் பொருத்தாதபடி.

கணக்கு தப்பியது. புது எஸ்.எஸ்.டி. போட்டு, திங்கட்கிழமைப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டோம். பொதுக்கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. கேட்டவரிடமே பற்றுச்சீட்டுப் புத்தகங்களைக் கொடுத்து, விரும்பிய இலக்கத்தைச் சொல்லச் சொன்னோம். ஆறு இலக்கம் சொன்னார், ஆறும் திரையில் இருந்தன. அவர் பிறகு எமக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார்.

ஹாட் டிஸ்க்கில் இருந்தவை 2011 ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகப் படங்கள். அவற்றுக்குப் பிரதி இல்லை. பிரதி எடுத்த அன்று அந்தத் தட்டில் "படங்கள்" என்ற பெயரைக் கண்டோம், கண்டும் கடந்துபோனோம். கணக்காளர் கண்ணுக்குக் கணக்குத்தான் தெரிந்தது. 1995 இடப்பெயர்வில் அல்பங்களை வீட்டில் விட்டுவிட்டு நடந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு இது தோன்றியிருக்கவேண்டும். அன்று கும்பம் சுமந்தவர்களில் இன்று இல்லாதவர்கள் பலர். அவர்களில் ஒருவரின் மனைவி, "அவற்றை வேட்டியோடை எடுத்த படம் அது ஒண்டுதான், தம்பி" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எமக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பூட்டிய தம்பி இரண்டு மாதம் கோயிற் பக்கம் வரவில்லை. "வயரை ஒப்புக்கொண்டவர்கள் நாங்கள், ரோச் பிடித்தவர்களும் நாங்கள்" என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். தைப்பூசத்துக்கு வந்தார். இப்போது மாதம் ஒருமுறை பிரதி எடுப்பது அவருடைய பொறுப்பு, படங்கள் உட்பட.

அந்தத் தட்டைப் பார்த்த ஒரு தொழிலாளி, அதன் மின்பலகையில் காவலுக்கு நிற்கும் டயோட் எரிந்திருக்கிறது, உள்ளே உள்ள படங்கள் தப்பியிருக்கக்கூடும் என்றார். மீட்பதற்குக் கேட்ட தொகை சில நூறு பவுண். பொதுப்பணத்தில் அதைச் செலவிடலாமா என்று சபையில் இருமுறை பேசியும் முடிவாகவில்லை. தட்டு இழுப்பறையிற் பத்திரமாக இருக்கிறது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்ததால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றி, அருச்சனைச் சீட்டு அச்சிட மட்டும் வைத்திருக்கிறோம். புது மின்வழங்கி 12.1 வோல்ற்றில் அசையாமல் நிற்கிறது.

2011 கும்பாபிஷேகத்தில் எடுத்த படங்கள் உங்கள் வீட்டு அல்பத்திலோ, பழைய கைத்தொலைபேசியிலோ, பெட்டியிற் போட்ட கமெராவிலோ இருந்தால் தயவுசெய்து வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்திற் கொண்டுவந்து காட்டுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அன்றே கையிற் திருப்பித் தருவோம். வேட்டி கட்டி, கும்பத்தைத் தலையில் வைத்தபடி, யாகசாலை வாசலில் நிற்கும் உயரமான ஐயா ஒருவரின் படம் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமை வரையும் காத்திருக்கவேண்டாம்.